உயில் எழுதத் தயங்கலாமா?

முப்பதாம் நாள் திருப்பலி நிறைவேறுமுன்னரே, உடன்பிறந்தோர் சொத்தின் பொருட்டுப் பேச்சற்றுப் போன இல்லங்களை நாம் கண்டிருக்கிறோம். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்னும் வீண் அச்சமே பல வேளைகளில் இதற்கு வித்தாகின்றது.

உயில் இன்றி ஒரு கிறிஸ்தவர் இறப்பின், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அவரது சொத்தைப் பங்கிடுகின்றது. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சியது பிள்ளைகளுக்கு. மகனுக்கும் மகளுக்கும் சமபங்கே. "சீதனம் கொடுத்தாயிற்றே" என்று கூறி, மணமாகிச் சென்ற மகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது நீதியாகாது.

ஆயினும் நம் மனத்தை உறுத்தும் ஓர் இடம் இச்சட்டத்தில் உண்டு. இறந்தவருக்குப் பிள்ளைகள் இருப்பின், அவரைப் பெற்ற தாய்க்கு யாதொரு பங்கும் இல்லை! மகனை நம்பி வாழ்ந்த மூதாட்டி, அவன் மறைந்தபின் பிறர் தயவை நாட வேண்டியவராகிறார். அவ்வாறே, ஊனமுற்ற பிள்ளைக்கும் உத்தியோகத்தில் உள்ள பிள்ளைக்கும் ஒரே அளவுதான். சட்டம் உறவை எண்ணும், தேவையை எண்ணாது. அக்குறையைத் தீர்க்க வல்லது உயிலே.

அதை எழுதுவதும் கடினமன்று. 18 வயது நிறைந்து தெளிந்த மனம் உடையவர் வெள்ளைத் தாளிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டுவதில்லை. அவர் கையொப்பமிடுவதைக் கண்ட சாட்சிகள் இருவர், அவர் முன்னிலையிலேயே கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக நின்றால், அவருக்கு எழுதியது செல்லாது. பதிவு கட்டாயமன்று; எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தல் நன்று. திருமணத்தால் முந்தைய உயில் ரத்தாகிவிடும் என்பதை மறுமணம் புரிவோர் மறவாதிருப்பாராக.

உயிலை நிறைவேற்ற நம்பிக்கைக்குரிய ஒருவரையும் அதிலேயே குறிப்பிடுங்கள். அவர் அடக்கச் செலவையும் கடன்களையும் தீர்த்த பின்னரே பங்கிட வேண்டும். கிறிஸ்தவரின் உயிலுக்கு நீதிமன்றத்தில் புரோபேட் பெறவேண்டும் என்ற கட்டாயம் 2002-இல் நீங்கிற்று.

நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் அறப்பணிகளுக்கு எழுதிவைக்கத் தடைகள் விதித்த 118-ஆம் பிரிவும் செல்லாதென உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. எனினும், பெற்ற தாய் பசித்திருக்க ஆலயத்திற்கு எழுதிவைப்பதை இறைவன் விரும்புவாரோ?

ஆதலின் அன்பர்களே, கை நடுங்கும் காலம்வரை காத்திராது, நலமாயிருக்கும்போதே கணவனும் மனைவியும் கலந்து பேசி எழுதுங்கள். உங்கள் வீட்டில் அதிகம் தேவையுள்ளவர் யாரோ, அவர் பெயரை முதலில் எழுதுங்கள்.