சித்திரக்கதை இதழ்களும் வாசகர் மனக்குறையும்

ஓர் இதழை வாழ்விப்பது ஆசிரியரின் திறம் மட்டுமன்று. அதனைத் தம்முடையதாகக் கருதும் வாசகரின் உரிமையுணர்வும் ஆகும். அவ்வுணர்விலிருந்தே பாராட்டும் பிறக்கிறது, மனக்குறையும் பிறக்கிறது. தமிழ்ச் சித்திரக்கதை இதழ்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டு 'இரும்புக்கை மாயாவி' கதையுடன் முத்து காமிக்ஸ் தோன்றியது. 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கப்பெற்றது. மாயாவி, ஸ்பைடர் முதலிய ஆங்கில நாட்டுக் கதைமாந்தர் மலிவான தாளில், கறுப்பு வெள்ளையில் உலவினர். சிறுவர் சேர்த்து வைத்த சில்லறைக்கு அவ்விதழ்கள் எட்டின. பாடநூலுக்கு அப்பால் வாசிப்பின் முதற்படியாகவும் பலர்க்கு அமைந்தன.

2012இல் பெருமாற்றம் நேர்ந்தது. பத்து ரூபாய்க்குக் கிடைத்த இதழ், உயர்ந்த தாளில், வண்ணத்தில், நூறு ரூபாய் விலையில் வரலாயிற்று. பெல்ஜியத்து லார்கோ வின்ச் போன்றோரும், முதிர்ந்தோர்க்குரிய கிராபிக் நாவல்களும் இடம்பெற்றனர். வண்ணத்தை வரவேற்றோர் பலர். ஆயினும் 'பழைய நாயகர்கள் எங்கே? இவ்வளவு விலை ஏன்?' என்னும் குரல்களும் எழுந்தன.

விலையின் காரணத்தை எளிய கணக்கால் உணரலாம். மொழிபெயர்ப்பு, பக்க அமைப்பு, அச்சுத்தகடு ஆகியவற்றின் செலவு, படிகள் எத்தனையாயினும் பெரிதும் மாறுவதில்லை. அச்செலவு ரூ.50,000 எனக் கொள்வோம். 10,000 படிகள் அச்சிட்டால் படி ஒன்றுக்கு ரூ.5 ஆகும், 1,000 படிகளாயின் ரூ.50 ஆகும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் சிறுவர்தம் பொழுதைக் கவர்ந்துகொண்ட காலத்தில் குறைந்த படிகளே விற்கும், விலை ஏறும்.

இனி ஒன்று நோக்கத்தக்கது. உள்ளடக்கம் மாறியதும் விலை உயர்ந்ததும் இருவேறு குறைகள் அல்ல. ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். அன்றைய சிறுவரே இன்று ஊதியம் பெறும் வாசகர். அவர்தம் அகவைக்கேற்பக் கதை முதிர்ந்தது. அவர்தம் பணப்பைக்கேற்ப விலை அமைந்தது. இதழ் பிழைத்தது. ஆனால் பென்னாகரத்திலோ அரூரிலோ பயிலும் இன்றைய சிறுவன் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டான். உண்மையான இழப்பு இதுவே.

ஆகவே, இளையோர்க்கென மலிவுப் பதிப்புகள் சிலவேனும் வெளிவரல் வேண்டும். பேழையுள் பூட்டிய பழைய இதழ்களைப் பெரியோர் பள்ளி நூலகங்களுக்கு வழங்குதல் வேண்டும். மாணவர் பலர் கூடி ஒரு சந்தா செலுத்திப் பகிர்ந்து படித்தலும் நன்று. புதிய வாசகன் பிறவாத இதழுக்கு நாளை இல்லை என்பதை நாம் மறத்தலாகாது.