ஒளியின் அதிர்வொழுங்கு: மீப்பொருள் வழி ஒரு சொல்லாய்வு

ஒளியின் ஒரு பண்பினைக் குறிக்கத் தமிழில் முனைவாக்கம், தளவிளைவு என இரு சொற்கள் வழங்குகின்றன. இவை அப்பண்பினை முற்றும் உணர்த்துவனவா என்பதை, அண்மைக்கால மீப்பொருள் ஆய்வுகளைத் துணைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1808-இல் பிரெஞ்சு அறிஞர் மாலுசு, பாரிசு நகரத்து இலக்சம்பர்க்கு அரண்மனையின் சாளரக் கண்ணாடியிற் பட்டு மீண்ட ஞாயிற்றொளியை ஐசுலாந்துப் படிகத்தினூடே நோக்கினார். படிகத்தைச் சுழற்றுந்தோறும் அதில் தோன்றிய இரு உருக்களும் ஒன்று மாறி ஒன்று மங்கின. ஒளித்துகளுக்குக் காந்தம்போல் முனைகள் உண்டெனக் கருதி அதற்கேற்ப அவர் பெயரிட்டார். ஒளியோ, தான் செல்லும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை எனப் பின்னர்ப் பிரெனெல் காட்டினார். ஆதலின் முனைவாக்கம் என்பது பிழைபட்ட கருத்தொன்றன் மொழிபெயர்ப்பே.

தளவிளைவு அதனினும் நன்று. ஆயினும் அவ்வதிர்வு ஒரு தளத்தில் நிற்பதும் உண்டு. திருகுபோற் சுழன்று செல்வதும் உண்டு. பின்னதற்குத் தளம் யாது? இவ்விரண்டையும் அடக்க, அதிர்வொழுங்கு என்னும் சொல்லை யாம் ஆள்கின்றோம்.

நேரதிர்வைச் சுழலதிர்வாக்கப் படிகத் தகடு பயன்படும். ஒன்றற்கொன்று செங்குத்தான இரு அதிர்வுக் கூறுகளுள் ஒன்று கால் அலை பிந்துதல் வேண்டும். குவார்ட்சு படிகத்தில் அவ்விரண்டின் வேக வேறுபாடு மிகச் சிறிது. எனவே சிவப்பொளிக்கு ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டர் தடிப்பேனும் வேண்டும். ஈண்டுத் தடிப்பே பணி செய்கின்றது.

தடிப்பை விடுத்து அமைப்பை நாடும் வழியை 1898-இலேயே கல்கத்தாவில் சகதீச சந்திர போசு காட்டினார். முறுக்கிய சணற்கற்றைகளினூடே மின்னலைகளைச் செலுத்த, அவற்றின் அதிர்வுத்தளம் திரும்பியது. முறுக்கை மாற்றின் திரும்பும் பக்கமும் மாறியது. சணல் ஒன்றே, முறுக்கே வேறு. மீப்பொருள் என்னும் பெயரில் பொருள் இருப்பினும், செயல் அடுக்கினுடையதே என்பதற்கு இதனினும் எளிய சான்று யாம் அறிந்திலேம்.

2011-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்துக் கபாசோ குழுவினர், ஆங்கில 'வி' எழுத்து வடிவான நுண்ணிய பொற்கீற்றுகளைச் சிலிக்கான் மீது பதித்தனர். கீற்றின் இரு கைகளிலும் ஓடும் மின்னோட்டம், விழும் ஒளியை அதிர்வு திருப்பி உமிழ்கின்றது. அடுத்த ஆண்டில் அத்தகைய கீற்றுகளை இருவகை வரிசைகளாக அமைத்தனர். அவற்றினின்று எழும் செங்குத்தான இரு அலைகள் கால் அலை இடையிட்டுச் சேர்ந்து சுழலதிர்வாயின. அலைநீளத்தினும் பன்மடங்கு மெல்லிய படலம் படிகத்தின் தொழிலைச் செய்தது.

பொன் ஒளியை உறிஞ்சுவதால் இழப்பு மிகுதி. அதனால் பின்வந்தோர் சிலிக்கான் நுண்தூண்களை நாடினர். நீள்வட்ட அடியுடைய அத்தூண்களைத் தனித்தனியே திருப்பி நிறுத்தினால், ஒரே கற்றையில் இடத்திற்கு இடம் வேறாக அதிரும் ஒளியைப் பெறலாம். அக்கற்றைக்குரிய தளம் இதுவென ஒன்றைச் சுட்டுதல் இயலாது.