புரதம் சுமக்கும் கட்டக்கோரை

கீழக்கரைப் பக்கம் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்குக் கட்டக்கோரை நன்கு தெரிந்த சரக்கு. பாறையை இறுகப் பிடித்து வளரும் பழுப்புப் பாசி. விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் பறிக்கிறார்கள். காய்ந்த பாசியிலிருந்து ஆலைகள் ஆல்ஜினேட் எடுக்கின்றன. துணி அச்சுக்கான சாயப்பசையிலும், பல் மருத்துவர் அச்செடுக்கும் மாவிலும் சேர்வது அதுதான். மருந்து ஆய்வாளர்களுக்கு அது புரதத்தின் வாகனம்.

பல தடுப்பூசிகளின் உயிர், நோய்க்கிருமியின் ஒரு புரதம். விழுங்கினால் வயிற்று அமிலம் அதைச் சிதைத்துவிடும். ஊசியாகத் தனியே ஏற்றினாலோ, உடல் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தாது. அதனால்தான் 1926 முதல் அலுமினிய உப்பைத் துணைக்குச் சேர்க்கிறார்கள். பிறகு வந்தவை, உடலுக்குள் கரையும் செயற்கைப் பாலிமர்கள். அறுவைத் தையலில் தானே கரையும் நூலும் இந்த இனமே. நீர் பட்டுப் பட்டு, லாக்டிக் அமிலமாகவும் கிளைகாலிக் அமிலமாகவும் உதிர்ந்துபோகும். நுண்துகளாக்கி உள்ளே புரதத்தை அடைத்தால், கிருமியின் அளவே இருப்பதால் காவல் செல்கள் அதை விழுங்கிக்கொள்ளும். புரதமும் வாரக்கணக்கில் கசியும். பல தவணை ஊசியை ஒன்றாகச் சுருக்கும் ஆசை இங்கேதான் பிறந்தது. ரணஜன்னித் தடுப்பூசிக்காக டெல்லி தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனம் இவ்வகைப் பாலிமரான பாலிலாக்டைடின் துகள்களை ஆராய்ந்தது.

தடை, புரதத்தின் மென்மை. துகள் செய்யப் பயன்படும் கரைப்பான் அதைக் குலைக்கிறது. பாலிமர் உடையும்போது உள்ளே சேரும் அமிலமும் குலைக்கிறது.

ஆல்ஜினேட்டின் பெருமை இங்கே தெரிகிறது. சோடியம் ஆல்ஜினேட்டை வெறும் நீரில் கரைத்து, புரதம் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். ஒவ்வொரு சொட்டும் விழுந்த கணமே மணியாக உறையும். சங்கிலி மூலக்கூறுகளைக் கால்சியம் இணைத்துப் பிடிக்கிறது. சூடு வேண்டாம், கடுமையான கரைப்பானும் வேண்டாம். வயிற்று அமிலத்தில் மணி சுருங்கிப் புரதத்தைக் காக்கும். குடலில் ஊதித் தளர்ந்து விடுவிக்கும். வாய்வழித் தடுப்பு மருந்துக்கு இதைவிட இயல்பான பொருள் குறைவு என்பது என் எண்ணம்.

குறையும் உண்டு. மணியின் துளைகள் பெரியவை. சிறிய புரதம் நழுவிவிடும். அதனால் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை மேலே பூசுகிறார்கள். அதுவும் இந்தக் கரைக்குப் பழக்கமான கழிவுதான்.

ஆனால் கட்டக்கோரைக் காடு மீன்குஞ்சுகளின் புகலிடம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே கண்டபடி அள்ள முடியாது. இந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவோர், பழுப்புப் பாசியை வளர்த்தெடுக்கும் முயற்சிக்கும், அதைப் பறிக்கும் பெண்களுக்கு நியாயமான விலை கிடைக்கவும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.