கேமராவுக்கு ஒரு மாற்று முதுகு

தோட்டத்து லயன் வீடானாலும் சரி, பட்டணத்து அடுக்குமாடி வீடானாலும் சரி, நம்மவர் வீட்டுச் சுவரில் ஒரு கல்யாணப் படமாவது மாட்டியிருக்கும். மாப்பிள்ளை நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பெண் தோளோரம் நின்றிருப்பாள். பின்னால் திரைச்சீலையில் ஒரு மாளிகை, அதன் முன்னே ஒரு பூந்தோட்டம்! அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்தப் படத்தில் பெண்ணின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிவிடலாம். "அந்தக் காலத்துப் படம் எப்படி அவ்வளவு துல்லியமாக வந்தது?" என்று கேட்காதவர்கள் இல்லை. சிங்கப்பூரில் தேக்கா வட்டாரத்தில் படம் பிடித்துப் பிழைப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பிலிமின் அளவுதான் காரணம். கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற சின்னக் கேமராவில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் இடம் 24க்கு 36 மில்லிமீட்டர். பழைய ஸ்டூடியோக்காரர்கள் பலர் வைத்திருந்த பெட்டியில் 120 என்ற அகலமான சுருளைப் போடுவார்கள். அதில் ஒரு படம் 56 மில்லிமீட்டர் சதுரம். பரப்பைக் கணக்கிட்டால் மூன்றரை மடங்குக்கும் அதிகம்! சிறு பாத்தியில் விளைவதும் பெரிய பாத்தியில் விளைவதும் ஒன்றாகுமா? ஆனால் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். அதனால்தான் அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் "அசையாதீங்க, மூச்சு விடாதீங்க" என்று அதட்டிக்கொண்டே இருந்தார்.

சந்திரனில் விட்டு வந்த பெட்டி

இந்த வகைக் கேமராக்களில் பேர் பெற்றது சுவீடன் நாட்டு ஹாசல்பிளாட். விக்டர் ஹாசல்பிளாட் என்பவர் 1948ஆம் ஆண்டில் பொதுமக்களுக்காக வெளியிட்டார். அதன் அமைப்பை நம் வீட்டு டிபன் கேரியருக்கு ஒப்பிடலாம். முன்னால் லென்ஸ், நடுவில் பெட்டி, மேலே குனிந்து பார்க்கும் கண்ணாடி, பின்னால் பிலிம் இருக்கும் முதுகு. எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். கறுப்பு வெள்ளைப் படம் பாதி எடுத்த நிலையில் வண்ணப்படம் வேண்டுமா? முதுகைக் கழற்றிவிட்டு வேறு முதுகை மாட்டினால் போதும்.

1969இல் சந்திரனுக்குப் போன அமெரிக்கர்கள் கையில் இருந்ததும் இந்த இனத்துப் பெட்டிதான். திரும்பும்போது எடையைக் குறைக்க வேண்டுமென்று பெட்டியையும் லென்ஸையும் அங்கேயே போட்டுவிட்டு, பிலிம் இருந்த முதுகை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார்கள்! படம்தானே முக்கியம்?

இப்படி முதுகு தனியாகக் கழன்றதால்தான் பின்னாளில் ஒரு பெரிய காரியம் நடந்தது. பிலிம் முதுகு இருந்த இடத்தில் மின்னணு முதுகு ஒன்றைச் செய்து மாட்டினார்கள். பெட்டியும் லென்ஸும் பழையவை. முதுகு மட்டும் புதியது. டிஜிட்டல் பேக் என்று எங்கள் தொழிலில் சொல்வது இதைத்தான்.

புள்ளிக் கோலம்

அதே 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் சிசிடி என்னும் சில்லுக்கு வழி கண்டார்கள். 2009இல் அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கொடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் 1975இல் அப்படிப்பட்ட சில்லை வைத்து ஒரு கேமரா செய்தார். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. படத்தில் இருந்தவை பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே.

சில்லை வாசலில் போடும் புள்ளிக் கோலமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழுந்த வெளிச்சம் எவ்வளவு என்று சொல்லும். நிறம் என்ன என்று சொல்லத் தெரியாது. அதே கொடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர், புள்ளிகளின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைக்கும் முறைக்கு 1976இல் உரிமம் பெற்றார். புள்ளிகளில் பாதி பச்சை. மீதியில் சிவப்பும் நீலமும் சரிபாதி. இன்று உங்கள் கைத்தொலைபேசியில் இருப்பதும் பெரும்பாலும் அந்தக் கோலம்தான்.

1990களின் தொடக்கத்தில் லீஃப் என்ற நிறுவனம் கொண்டுவந்த முதுகில் சுமார் 40 லட்சம் புள்ளிகள் இருந்தன. பார்க்கச் செங்கல் மாதிரி இருந்ததால் செங்கல் என்றே அதற்குச் செல்லப்பெயர். நிற வடிகட்டிகளை ஒரு சக்கரத்தில் பொருத்தி, சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று மூன்று முறை படமெடுக்க வேண்டும். மூன்றும் முடிகிற வரை எதிரில் இருப்பது அசையக் கூடாது. நகைக்கடைச் சங்கிலிக்குச் சரி. கைக்குழந்தைக்கு ஆகுமா?

1993இல் டென்மார்க்கில் ஃபேஸ் ஒன் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் கொடாக் அறிவித்த முதுகு ஒரே சொடுக்கில் 1 கோடியே 60 லட்சம் புள்ளிகளைப் பிடித்தது. விலை பல்லாயிரம் அமெரிக்க வெள்ளி! விளம்பரக் கம்பெனிகளுக்குப் படம் பிடிப்பவர்கள்தாம் வாங்க முடிந்தது. புது மாதிரிகள் வர வர, பழையவை கைமாறி எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்தன. பெனின்சுலா பிளாசா பக்கத்தில் பழைய கேமரா விற்கும் கடைகள் உண்டு. 2006இல் அப்படி ஒரு கடையில் தவணை பேசி ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.

சிராங்கூன் சாலையில் ஒரு ஞாயிறு

அந்த முதுகு தனியாக வேலை செய்யாது. ஒரு மடிக்கணினியோடு கம்பி போட்டு இணைத்தால்தான் உயிர் வரும். மின்சாரமும் அதிலிருந்துதான். எனவே நான் முன்னே கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்க, அக்காள் மகன் கணினியைக் கோயில் தாம்பாளம் போல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு பின்னே வந்தான். கம்பி நீளம் கொஞ்சம்தான். அவன் ஒரு அடி பின்தங்கினாலும் இழுக்கும்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் தொடங்கி, பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளைத் தாண்டி, கேம்பல் லேன் பூக்கடைகளுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு, வங்காளதேசத் தம்பிமார்கள் வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளுக்கு வந்து நிறைந்திருப்பார்கள். எங்கள் ஊர்வலத்தைப் பார்த்து ஒரு பூக்கார அம்மா பயந்தே போனார். "என்னாப்பா, சர்வேயா? கடைய எடுக்கப் போறாங்களா?" என்றார். இல்லையம்மா, படம்தான் என்றதும், மல்லிகைச் சரத்தை நேராக வைத்துவிட்டு நின்றார்.

இடம் போதாதது முதல் தொல்லை. சில்லு 37 மில்லிமீட்டர் சதுரம். பெட்டியோ 56 மில்லிமீட்டருக்குச் செய்தது. ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, வழக்கமான 80 மில்லிமீட்டர் லென்ஸ் 120 மில்லிமீட்டர் லென்ஸ் போல் நடந்துகொண்டது. ஐந்தடி நடைபாதையில் பின்னால் நகர இடம் ஏது? முதுகுப் பக்கம் தூண், தூணுக்குப் பின்னால் சாலை!

அடுத்தது சூடு. சில்லுக்கு வெளிச்சமும் வெப்பமும் வேறுவேறு என்று தெரியாது. சில்லு சூடாகும்போது அந்தச் சூடே சிறு மின்னூட்டங்களைக் கிளப்பிவிடும். சில்லு அதையும் வெளிச்சம் என்று எண்ணிக் கணக்கில் சேர்க்கும். ஏறக்குறைய ஏழெட்டு டிகிரி ஏறினால் இந்தப் பொய்க்கணக்கு இரட்டிப்பாகும். குளிர் நாட்டில் அது பெரிய விஷயமல்ல. சிங்கப்பூர் உச்சி வெயிலில், நிழலான பகுதியெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் பொரி தூவினாற்போல் ஆகிவிட்டது. குளிரூட்டிய துணிக்கடையிலிருந்து தெருவுக்கு வந்தாலோ வேறு கதை. லென்ஸ் முழுக்கப் பனித்துவிடும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அரை மணி நேரம் வைத்து, வெளிச்சூட்டுக்குப் பழக்கித்தான் எடுக்க வேண்டும். இது எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும். வாசகர்களும் செய்து பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், மூன்றாவது தொல்லை பட்டுச்சேலையால் வந்தது. கொசுவலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? எந்த வலையிலும் இல்லாத அலைகள் தோன்றும். சில்லின் புள்ளி வரிசை ஒரு வலை. சேலையின் நெசவு இன்னொரு வலை. இரண்டும் ஒத்துப்போகிற தூரத்தில் மாம்பழ நிறச் சேலையில் வானவில் ஓடியது! படத்தை லேசாக மழுக்கும் கண்ணாடி ஒன்றைச் சில்லின் மேல் வைத்தால் இது அடங்கும். சின்னக் கேமராக்களில் அநேகமாக அது இருந்தது. கூர்மை குறையும் என்று இந்த முதுகுகளில் வைக்கவில்லை. கல்யாணப் பெண்ணிடம் போய்ச் சேலையை மாற்று என்று சொல்ல முடியுமா? ஒரு அடி முன்னே, அல்லது ஒரு அடி பின்னே நகர்ந்து நின்று எடுக்கப் பழகிக்கொண்டேன்.

தைப்பூசத்துக்கு இதைக் கொண்டுபோகவே இல்லை. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் காவடிக்குப் பின்னே கம்பியோடு ஓடுவதாவது!

கறுப்பு முகமும் வெள்ளைச் சேலையும்

இத்தனை தொல்லைக்கும் அதை ஏன் வைத்துக்கொண்டேன்? காரணம் உண்டு.

வண்ணப்படம் கழுவும் கூடங்களுக்கு கொடாக் நிறுவனம் 1950களிலிருந்து ஓர் அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். நம் போன்ற கறுத்த முகங்கள் அந்த அளவுகோலில் அடிபட்டுப் போயின. பல நிறத்து முகங்கள் உள்ள அட்டை 1990களில்தான் வந்தது. வெள்ளை வேட்டி தெளிவாக இருக்கும், முகம் மட்டும் கரி பூசினாற்போல் இருக்கும் படங்கள் எத்தனை வீட்டில் இருக்கின்றன! பிழை முகத்தில் இல்லை.

என் அத்தை குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்ற காலம் அது. வயதான பிறகு உட்லண்ட்ஸில் மகன் வீட்டோடு வந்துவிட்டார். அவருக்கென்று இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம், "இதுல கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. இருட்டுதான் இருக்கு" என்பார்.

2007இல் ஒரு காலை வேளையில், சன்னலோர வெளிச்சத்தில் வெள்ளைச் சேலையோடு அவரை உட்கார வைத்தேன். வீட்டுக்குள் சூடு இல்லை, மின்சாரம் பக்கத்திலேயே இருந்தது. முதுகு முரண்டு பண்ணவில்லை. பெரிய சில்லின் குணம் அங்கேதான் தெரிந்தது. சேலையின் வெண்மையும் கெடவில்லை. முகத்தின் கறுப்பும் மூழ்கவில்லை. கன்னத்துச் சுருக்கம், தோட்டின் கல், முன்கையில் குத்திய பச்சை எல்லாம் வந்திருந்தன. கணினியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார்.

"கைய பெருசாக்கு தம்பி" என்றார். பெருசாக்கினேன். இடது கட்டைவிரலில் மெல்லிய கோடுகள். "இது உளி பட்டது. மழ நாளு, மரம் வழுக்கிடுச்சி. இன்னொண்ணு உங்க மாமா செத்த மாசம், கையி நடுங்கிச்சி" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருடைய மகனும் அப்போதுதான் அதைக் கேட்கிறார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

2009இல் அத்தை காலமானார். மாலை போட அந்தப் படம்தான் இருந்தது.

கண்ணாடித் தகடும் வட்டும்

டிஜிட்டல் படத்தில் எனக்குள்ள ஒரே கவலை பாதுகாப்புதான். சிங்கப்பூரில் ஹில் ஸ்திரீட்டில் லீ பிரதர்ஸ் என்ற சீனர் ஸ்டூடியோ 1910களிலிருந்து நடந்தது. அவர்கள் எடுத்த படங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அந்தக் குடும்பத்தார் 1994இல் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தார்கள். எண்பது வருஷம் கழித்தும் முகங்கள் தெரிகின்றன. அத்தையின் படத்தை நான் மூன்று வட்டுகளில் பதிந்து வைத்தேன். 2015இல் எடுத்துப் பார்த்தபோது ஒன்று படிக்கவே இல்லை. கோப்பைத் திறக்கும் மென்பொருள் புதுக் கணினியில் ஓடாது. பழைய மடிக்கணினியின் மின்கலமும் செத்துவிட்டது. சுவர் மின்சாரத்தில் மட்டும் எழுந்திருக்கும்.

ஹாசல்பிளாட் 2019இல் அறிவித்த முதுகில் 5 கோடிப் புள்ளிகள். 2024இல் வந்ததில் 10 கோடி. 1957 முதல் செய்த பழைய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் அவற்றை மாட்டலாம், கணினியும் கம்பியும் வேண்டாம். விலையை விசாரித்துவிட்டு வந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு குளுவாங்கில் இருக்கும் அத்தையின் பேத்தி, வீடு குடிபோவதற்குப் பாட்டியின் பெரிய படம் ஒன்று வேண்டுமென்று கேட்டாள். பழைய மடிக்கணினிக்குக் கம்பியைச் சொருகி எழுப்பி, இரண்டாவது வட்டிலிருந்து படத்தை எடுத்து, 16க்கு 20 அங்குலத்தில் நல்ல தாளில் நான்கு பிரதிகள் போட்டேன். ஒன்று குளுவாங்குக்கு, ஒன்று ஜொகூர் பாருவுக்கு, ஒன்று உட்லண்ட்ஸுக்கு. நான்காவது என் பீரோவில் தட்டையாக, அமிலமில்லாத தாளுக்கிடையில் இருக்கிறது.