உஷார்! ‘4கே’ என்று எழுதியிருக்கும் பெட்டியை நம்பி டிஸ்க் பிளேயர் வாங்காதீர்கள்

நேற்று வரை ஓடிடியில் இருந்த படம் இன்று தேடினால் இல்லை. மாதச் சந்தா கட்டியும் இந்த நிலைதானா என்று சலித்துப்போய், பிடித்த படங்களை இனி டிஸ்க்காகவே வாங்கி வைத்துக்கொள்வோம் என்று பலர் முடிவெடுக்கிறார்கள். நல்ல முடிவு. ஆனால் கடைக்குக் கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய பிளேயர், ஆசையாய் வாங்கிய டிஸ்க்கைத் திறக்க மறுக்கும் ஆபத்து நிஜமாகவே இருக்கிறது. அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பல கடைகளில் அவருக்கே தெரியாது.

முதல் பொறி பெட்டியின் மேலேயே இருக்கிறது. ‘4கே அப்ஸ்கேலிங்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ‘4கே’ மட்டும்தான் நம் கண்ணில் படும். சாதாரண ப்ளூ-ரேயின் 1920க்கு 1080 புள்ளிப் படத்தை ஊதிப் பெரிதாக்கி 4கே டிவிக்கு அனுப்பும் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கறுப்பு உறையில் விற்கும் உண்மையான 4கே டிஸ்க்கை அந்த பிளேயர் வாசிக்காது. சாதாரண ப்ளூ-ரே டிஸ்க்கில் 25 அல்லது 50 ஜிபி அடங்கும். 4கே டிஸ்க்கில் 100 ஜிபி வரை அடைக்கிறார்கள். படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறையும் வேறு. அதை விரிக்கும் சிப் பழைய வகை பிளேயரில் கிடையாது. “அப்டேட் போட்டால் ஓடும் சார்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ‘அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரே’ என்ற முழுப் பெயரும் அதன் முத்திரையும் பிளேயரின் முகப்பிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது 4கே பிளேயர் அல்ல.

உண்மையான 4கே பிளேயர் கிடைத்துவிட்டாலும் ஒரு சோதனை பாக்கி. டிவியில் நீங்கள் செருகும் ஹெச்டிஎம்ஐ துளை ஹெச்டிசிபி 2.2 என்ற காப்புமுறையை ஏற்க வேண்டும். நடுவில் பழைய ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதற்கும் இதே நிபந்தனை. ஒன்று தவறினாலும் 4கே படம் வராது.

வெளிநாட்டில் பிள்ளைகளோ உறவினர்களோ இருக்கும் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது ரீஜன் பூட்டில்தான்: ஒரு பகுதிக்கென்று பூட்டிய டிஸ்க் வேறு பகுதி பிளேயரில் ஓடாது. டிவிடிக்காக உலகத்தை எண்களால் பிரித்தார்கள்: அமெரிக்கா 1, பிரிட்டன் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஆஸ்திரேலியா 4, இந்தியாவும் இலங்கையும் 5. ப்ளூ-ரேக்கு வேறு பங்கீடு. அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா ‘ஏ’. பிரிட்டன், மேற்கு ஐரோப்பா, ஆஸ்திரேலியா ‘பி’. நாமும் இலங்கையும் ‘சி’. எல்லா டிஸ்க்கிலும் பூட்டு இருக்காது. இருக்கிற டிஸ்க் பிடிவாதமாக இருக்கும். சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993ல் லண்டன் தீ விபத்தில் சிக்கின. அவற்றை அரும்பாடுபட்டு மீட்டு, கிரைட்டீரியன் நிறுவனம் 2015ல் அமெரிக்காவில் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. அது ‘ஏ’ டிஸ்க். நியூஜெர்சியிலிருந்து மகள் அதை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாலும், சென்னையில் வாங்கிய ‘சி’ பிளேயரில் படம் வராது. நம் நாட்டுப் படத்தையே நம் வீட்டில் பார்க்க முடியாத இந்த அநியாயம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

“ஆல் ரீஜன் சார், எல்லாம் ஓடும்” என்பார்கள் கடையில். பெரும்பாலும் அது டிவிடிக்கு மட்டுமே பொருந்தும். “ப்ளூ-ரேக்கும் சேர்த்தா?” என்று அழுத்திக் கேளுங்கள். 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டு கிடையாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் அதே உறைக்குள் கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரேயில் பூட்டு இருக்கலாம். சரி, பிளேயரையே அமெரிக்காவிலிருந்து தருவித்துவிடலாம் என்று நினைத்தால் அங்கேயும் உஷார்! பின்பக்கத்தில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகிய கையோடு கருகிவிடும்.

வீட்டில் கேம் கன்சோல் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு: பிஎஸ்4, பிஎஸ்4 ப்ரோ இரண்டிலும் 4கே டிஸ்க் ஓடாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட இடமே கிடையாது. டிரைவ் உள்ள பிஎஸ்5 4கே டிஸ்க்கை ஓட்டும். பழைய ஆடியோ சிடியைத் தொடாது.

எந்த வடிவம் நிலைக்கும் என்ற கேள்வியும் சாதாரணமானதல்ல. 2006ல் தோஷிபா ஹெச்டி டிவிடியை இறக்கியது. சோனி தரப்பு ப்ளூ-ரேயோடு எதிரே நின்றது. 2008 ஜனவரியில் வார்னர் திரைப்பட நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது. அடுத்த மாதமே தோஷிபா கடையைக் கட்டிவிட்டது. ஹெச்டி டிவிடி வாங்கிக் குவித்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். இன்று அப்படிப் போட்டி வடிவம் இல்லை. ஆனால் பிளேயர் செய்பவர்களே ஒவ்வொருவராக விலகுகிறார்கள். உயர்தர பிளேயருக்குப் பேர்போன ஓப்போ டிஜிட்டல் 2018ல் நிறுத்தியது. 2019ல் சாம்சங் அமெரிக்கச் சந்தைக்குப் புது மாடல் இல்லை என்றது. 2024ல் எல்ஜியும் விலகிவிட்டது. எனவே, வாங்குவதென்றால் தள்ளிப்போடாதீர்கள். பழைய பிளேயரை இரண்டாம் கையாக வாங்கினால், இரண்டு அடுக்கு டிஸ்க் ஒன்றைப் போட்டு முழுப் படத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். லேசர் வலுவிழந்திருந்தால் படத்தின் நடுவே அடுக்கு மாறுகிற இடத்தில் திணறக்கூடும்.

என் யோசனை இது: பிளேயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு டிஸ்க் தேடாதீர்கள். வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2007ல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது வாங்கிச் சேர்த்த தமிழ்ப் படங்கள் பல வீடுகளில் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றில் விசிடிகளை இன்றைய ப்ளூ-ரே பிளேயர்கள் பல ஏற்பதில்லை. ஆகவே அலமாரியிலிருந்து ஒரு விசிடி, ஒரு டிவிடி, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ப்ளூ-ரே என்று பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு: உங்கள் கல்யாண டிவிடி. கடையில் விற்கும் பட டிஸ்க் அச்சில் வார்த்தது. ஸ்டுடியோக்காரர் கொடுத்ததோ சாயப் பூச்சில் லேசரால் எழுதியது. வெயிலும் வெப்பமும் பட்டால் அந்தச் சாயம் வெளுத்துப்போகும். மேலே ஒட்டிய மணமக்கள் படம் பாதி உரிந்தால், சுழலும்போது டிஸ்க் ஆட்டம் கண்டு டிரைவ் படிக்கத் திணறும். அச்சு டிஸ்க்கே சாசுவதம் இல்லை: 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகள் சிலவற்றில் சிதைவு இருப்பதை வார்னர் நிறுவனமே 2025ல் ஒப்புக்கொண்டு, மாற்றித் தர முன்வந்தது. உங்கள் கல்யாண டிஸ்க்கை மாற்றித் தர யாரும் இல்லை. இந்த வாரமே யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கியாவது, டிஸ்க்கில் உள்ளதை முழுவதுமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் வையுங்கள். ஏற்றிய பிறகு முகூர்த்தம் முதல் வரவேற்பு வரை ஓட்டிப் பாருங்கள். பாதியில் நின்றால் டிஸ்க்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வேறு கம்பெனி டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்க மறுத்ததை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.