மெய்ப்பாட்டியல் நோக்கில் பறையொலியும் அருவருப்பும்

உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. அது கூறும் எட்டனுள் இளிவரலும் ஒன்று. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள். பிறப்பு இவற்றுள் இடம்பெறவில்லை.

சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி உள்ளிட்ட ஊர்களில், மாரியம்மன் விழாவில் பறையொலி கேட்டோர் அருள்வந்து ஆடுவர். சாவு வீட்டில் அதே ஒலி அழுகையைப் பெருக்கும். எனினும் சாதியச் சமூகம் அக்கருவியையும் அதனை இசைப்போரையும் தீட்டெனக் கருதி ஒதுக்கியது. இவ்வருவருப்பு இயல்பானதா என்பதே வினா.

தெய்வம், உணவு, மரம் ஆகியவற்றோடு பறையையும் கருப்பொருளாகத் தொல்காப்பியம் எண்ணுகிறது. புறநானூற்றின் 194ஆம் பாடலில் ஒரு மனையில் நெய்தற்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்கின்றன. அங்குச் சாப்பறை எழுப்புவது துயரமே, அருவருப்பு அன்று.

மிருதங்கமும் விலங்குத்தோலால் ஆனதே. அது இசையரங்கில் போற்றப்படுகிறது. எனவே வெறுப்புக்குக் காரணம் தோலும் அன்று, ஒலியும் அன்று. பிறப்புசார் ஏற்றத்தாழ்வே வழக்கத்தால் உடலுணர்வாக ஊறியுள்ளது. மெய்யில் தோன்றுவன யாவும் இயற்கையின்பாற்பட்டன ஆகா என்பதை மெய்ப்பாட்டாய்வு கருத்திற்கொள்ள வேண்டும்.