பெயரைப் பதிந்த பிறகுதான் வேலை

இயங்குதளத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய விலையுயர்ந்த வகுப்பு தேவையில்லை. காப்பாரில் கணினி பயிலும் மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது இதுதான். லினக்ஸின் மூல நிரலை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கணினியின் வட்டை, வலையமைப்பு வழியாக இன்னொரு கணினி தன் சொந்த வட்டைப் போலவே பயன்படுத்த முடியும். வட்டை வழங்கும் கணினிக்கு 'இலக்கு' என்று பெயர். இதற்கான எல்.ஐ.ஓ. என்ற பகுதி, 2011இல் வெளிவந்த 2.6.38 பதிப்பில் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது.

அதில் மையப் பகுதி ஒன்று. ஐஸ்கசி, ஃபைபர் சேனல் என ஒவ்வொரு வழிக்கும் தனி இயக்கி. கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் கப்பல் முன்கூட்டியே தன் விவரங்களைத் தர வேண்டும் அல்லவா? அதுபோல இயக்கியும், கெர்னலில் ஏற்றப்பட்டதும் தன் பெயரையும் செயற்கூறுகளின் பட்டியலையும் மையத்திடம் ஒப்படைக்கிறது. கட்டாயமான செயற்கூறு ஒன்று விடுபட்டாலும், எது இல்லை என்று குறிப்பெழுதிவிட்டு மையம் பதிவை மறுத்துவிடும்.

விலகும்போதும் ஒழுங்கு உண்டு. பெயரை நீக்காமல் இயக்கி நினைவகத்தை விட்டுப் போனால், கெர்னல் அங்கில்லாத நிரலை அழைக்கும். கணினி முடங்கும், எழுதிக்கொண்டிருந்த தரவும் பாழாகலாம்.

எஸ்.பி.எம். முடித்த தம்பி தங்கைகளே, சி மொழியின் அடிப்படை தெரிந்தால் போதும். மூல நிரலில் 'டிரைவர்ஸ்' கோப்புறைக்குள் 'டார்கெட்' கோப்புறையைத் திறங்கள். முதல் நாள் பாதிகூடப் புரியாது. பரவாயில்லை, பெயரைச் சரிபார்க்கும் வரிகளை மட்டும் தேடிப் படியுங்கள்.